அடிவாரத்தில் வியர்வை, உச்சியில் நடுக்கம்... வெள்ளியங்கிரி ஏறும் முன் வானிலையைத் தெரிஞ்சுக்கோங்க!

மாசி பிறந்ததும் கோவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு புதுக் கூட்டம் தெரிய ஆரம்பிக்கும். தோளில் சின்னப் பை, இடுப்பில் வேட்டி, கழுத்தில் துண்டு. சிலர் காலில் செருப்புகூட இருக்காது. ‘பூண்டி பஸ் எங்க நிக்குமுங்க?’ என்பதுதான் அவர்கள் எல்லோருக்கும் பொதுவான கேள்வி. பிப்ரவரியில் தொடங்கி மே கடைசி வரை இந்தக் கூட்டம் ஓயாது. மகா சிவராத்திரிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் பஸ்ஸில் ஏறவே முடியாது.

எல்லோரும் போவது வெள்ளியங்கிரிக்கு. கோவையிலிருந்து மேற்கே சுமார் 40 கி.மீ தூரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் இருக்கிறது பூண்டி. அங்கிருந்து ஏழு மலைகளை ஏறிக் கடந்தால் உச்சியில் சுயம்பு லிங்கம். போக ஐந்தாறு கி.மீ, வர அதே ஐந்தாறு கி.மீ. கேட்பதற்குச் சின்ன தூரமாகத்தான் தெரியும். ரேஸ்கோர்ஸில் காலை வாக்கிங் போகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிற தூரம்.

ஆனால், இந்தப் பாதையில் உயிரிழப்புகளும் நடக்கின்றன. 2024 மார்ச் மாதக் கடைசியில், பங்குனி உத்திரத்தையொட்டி மலையேறியவர்களில் மூன்று பேர் அடுத்தடுத்து மூச்சுத்திணறி இறந்துபோனது தமிழ்நாடு முழுக்கச் செய்தியானது. அந்த சீசனில் அது முதல் மரணமும் அல்ல, கடைசி மரணமும் அல்ல. இதயக் கோளாறு, மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மலையேற வேண்டாம் என்று அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்த எச்சரிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு பாதி இருக்கிறது. அதுதான் வானிலை.

ஆக்சிஜன் இல்லையா?

‘மேலே போகப் போக ஆக்சிஜன் குறைஞ்சிடும், அதான் மூச்சு முட்டுது’ என்று அடிவாரத்தில் பலரும் சொல்வார்கள். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இது முழுக்கச் சரியில்லை என்று தெரியும். வெள்ளியங்கிரி உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 6,000 அடி. ஊட்டி அதைவிட உயரம், 7,300 அடிக்கும் மேல். ஊட்டியில் குழந்தைகள் ஸ்கூலுக்குப் போகிறார்கள், பாட்டிமார்கள் மார்க்கெட்டில் கேரட் பேரம் பேசுகிறார்கள். யாருக்கும் மூச்சு முட்டுவதில்லை.

வித்தியாசம் என்னவென்றால், ஊட்டிக்கு நாம் பஸ்ஸில் போகிறோம். வெள்ளியங்கிரிக்குக் காலால் போகிறோம். கோவை நகரமே சுமார் 1,350 அடி உயரத்தில் இருக்கிறது. அதைவிடச் சற்று மேலே இருக்கிற அடிவாரத்திலிருந்து கணக்குப் போட்டால்கூட, ஒரே மூச்சில் ஏற வேண்டியது ஏறக்குறைய 4,500 அடி. சென்னை எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரம் 177 அடி. அதன் மாடிப்படிகளை ஒரே ராத்திரியில் 25 முறை ஏறுவதற்குச் சமம் இது. வருஷம் முழுக்க லிஃப்ட்டில் போகிற உடம்பு, தூக்கம் இல்லாத ஓர் இரவில் இதைச் செய்கிறது. இதயம் திணறாமல் என்ன செய்யும்?

இதோடு வெயிலும் குளிரும் காற்றும் சேரும்போதுதான் விஷயம் சிக்கலாகிறது.

ஒரே ராத்திரியில் மூணு ஊர்

கோவையில் பங்குனி, சித்திரை என்றால் பகலில் 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் காயும். அதனால்தான் பெரும்பாலானோர் மாலையிலோ ராத்திரியிலோ ஏற ஆரம்பித்து, விடியும்போது உச்சியில் இருக்கும்படி திட்டம் போடுகிறார்கள். வெயிலுக்கு இது நல்ல யோசனை. ஆனால், குளிருக்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது.

பொதுவான கணக்கு இது: ஒவ்வொரு 1,000 அடி ஏறும்போதும் வெப்பநிலை சுமார் 2 டிகிரி குறையும். 4,500 அடி ஏறினால் 9 டிகிரி. பூண்டியில் ராத்திரி 22 டிகிரி என்றால், உச்சியில் 13. பிப்ரவரி, மார்ச்சின் தெளிந்த இரவுகளில் அதற்கும் கீழே போகும். இது தெர்மாமீட்டர் சொல்கிற கணக்கு மட்டும்தான். உடம்புக்கு வேறு கணக்கு இருக்கிறது.

முதல் மலை முழுக்கக் கல்படிகள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உயரம் ஒரே மாதிரி இருக்காது. அடிவாரத்துப் புழுக்கத்தில் ஏற ஆரம்பித்து, வெள்ளை விநாயகரைப் பார்ப்பதற்குள்ளேயே பனியன் பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்கு வியர்த்திருக்கும். அடுத்தடுத்த மலைகளில் மரங்கள் அடர்த்தியாக இருப்பதால் காற்று தெரியாது. பாம்பாட்டிச் சுனையில் தண்ணீர் குடித்து, கைதட்டிச் சுனையில் கொஞ்சம் உட்கார்ந்து போகிறவரை, ‘என்னமோ குளிரும்னு சொன்னாங்க, ஒண்ணும் காணோம்’ என்றுதான் தோன்றும்.

மரங்கள் முடிந்து புல்வெளி ஆரம்பிக்கிற இடத்தில்தான் மலை தன் சுயரூபத்தைக் காட்டும். மறைப்பு ஏதும் இல்லாத மலைமுகட்டில் காற்று நேராக வந்து அறையும். வியர்வையில் ஊறிய சட்டை அந்தக் காற்றில் ஐஸ் துணி மாதிரி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். நனைந்த துணி உடம்புச் சூட்டைக் காக்காது. மாறாக, சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளும். 13 டிகிரியில் காய்ந்த ஸ்வெட்டரோடு நிற்பதற்கும், நனைந்த காட்டன் சட்டையோடு காற்றில் நிற்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இத்தனைக்கும் பலர் உச்சிக்குச் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். இளவட்டங்கள் போட்டி போட்டு ஏறி, அதிகாலை 2, 3 மணிக்கே ஏழாவது மலையைத் தொட்டுவிட்டு, சூரியன் வரும்வரை மூன்று மணி நேரம் பாறை மறைவில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நடக்கும்வரை உடம்பு சூடாக இருந்தது. உட்கார்ந்த பத்தாவது நிமிடம் பல் தந்தியடிக்க ஆரம்பிக்கும். உடல் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது மருத்துவ அவசரநிலை. அதற்குப் பனி பெய்யும் இமயமலைதான் வேண்டும் என்பதில்லை. ஈரமும் காற்றும் களைப்பும் ஒன்றுசேர்ந்தால், 10 டிகிரிக்கு மேலேயும் அது நடக்கும்.

குளிர் தாக்கும்போது தோலில் இருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். ரத்த அழுத்தம் ஏறும். ஏற்கெனவே ராத்திரி முழுக்க ஓவர்டைம் பார்த்த இதயத்துக்கு இன்னொரு சுமை. தன் இதயத்தில் அடைப்பு இருப்பதே தெரியாமல் ஏறுகிற நாற்பது வயதுக்காரருக்கு, இந்த இடம்தான் ஆபத்தானது.

ஆனால், மிகச் சுலபமான தீர்வும் இங்கேதான் இருக்கிறது. ஒரே ஒரு காய்ந்த சட்டை. அதை ரெயின்கோட்டுக்குள் சுருட்டிப் பையின் அடியில் வைத்துக்கொண்டு போய், புல்வெளி ஆரம்பிக்கும் முன், மரங்களின் மறைவிலேயே மாற்றிக்கொண்டால் போதும். காதை மூட ஒரு மஃப்ளர், காற்றைத் தடுக்க அந்த ரெயின்கோட். பவர் பேங்குக்குப் பையில் இடம் இருக்கும்போது இதற்கும் இடம் இருக்காதா என்ன! விடிகிற நேரத்துக்கு மேலே போனால் போதும் என்று நிதானமாக ஏறுவது இன்னும் நல்லது.

கூட வருபவர் திடீரெனப் பேச்சு குழறுகிறார், பட்டன் போடக்கூடக் கை வரவில்லை, ‘எனக்கு ஒண்ணுமில்லை, விடு’ என்று எரிந்து விழுகிறார் என்றால் அது தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடக் கூடாது. குளிர் உள்ளே இறங்கியதன் அறிகுறி அது. ஈரத்தை மாற்றி, போர்த்தி, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, கீழே கூட்டி வர வேண்டும். நெஞ்சு அழுத்துகிறது, இடது கை வலிக்கிறது, மூச்சு வாங்குவது உட்கார்ந்த பிறகும் அடங்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ‘இன்னும் ஒரு மலைதான், சாமி பார்த்துக்குவார்’ என்று பின்னாலிருந்து யாராவது உற்சாகப்படுத்துவார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால், இந்தப் பாதையில் ஆம்புலன்ஸ் வராது. விழுந்தவரை டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். ஐந்தாவது, ஆறாவது மலையிலிருந்து இறங்கிவர மணிக்கணக்காகும்.

இறங்கும்போது அடிக்கும் வெயில்

தரிசனம் முடிந்தது, சூரிய உதயம் பார்த்தாச்சு, தூரத்தில் மின்னும் சிறுவாணி நீர்த்தேக்கத்தின் பின்னணியில் செல்ஃபியும் எடுத்தாச்சு. இறங்க ஆரம்பிக்கும்போது மணி 8 ஆகியிருக்கும். கடைசிப் படியை மிதிக்கும்போது பதினொன்றோ பன்னிரண்டோ. அதாவது, களைத்த உடம்பு சுகமான குளிரிலிருந்து நேராக உச்சி வெயிலுக்குள் இறங்குகிறது.

கீழ் மலைகளில் மார்ச், ஏப்ரலில் பாதி மரங்கள் இலை உதிர்த்து நிற்கும். நிழல் குறைவு. முட்டி நடுங்கும், தண்ணீர் பாட்டில் காலியாகியிருக்கும். மேலே குளிரில் தாகமே தெரிந்திருக்காது. அதனால் பலரும் ராத்திரி முழுக்கச் சரியாகத் தண்ணீர் குடித்திருக்க மாட்டார்கள். தலைசுற்றல், வாந்தி, காலில் நரம்பு இழுப்பது எல்லாம் பெரும்பாலும் இந்தக் கடைசி நேரத்தில்தான். சுனைகளில் தண்ணீர் கிடைக்கும்போதே பாட்டிலை நிரப்பிக்கொண்டு, கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்தோ, ஓ.ஆர்.எஸ். கலந்தோ குடித்துக்கொண்டே இறங்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அடிவாரத்தில் ஸ்டிக்கர் ஒட்டி டெபாசிட் வாங்குகிறார்கள். அதனால் காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவர மறக்க வேண்டாம்.

மத்தியானத்துக்கு மேல் மேகம் பார்க்கணும்

மாசி, பங்குனியில் குளிரும் வெயிலும்தான் கவலை. சித்திரை வந்துவிட்டால் இடி சேர்ந்துகொள்ளும்.

காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். பத்து, பதினொரு மணிக்கு மலைச்சரிவு சூடேற, அங்கிருக்கும் காற்று மேலே எழும்பும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கி.மீ அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். அதன் வழியாகக் கேரளப் பக்கத்து ஈரக்காற்று உள்ளே வரும். வெள்ளியங்கிரி நிற்பது அந்தக் கணவாயின் வடக்கு ஓரத்தில். ஈரமும் சூடும் சேர்ந்து மேலே எழும்பினால், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் காலிஃப்ளவர் மாதிரி மேகங்கள் மலைக்குப் பின்னால் குவியும். அதன் தலை தட்டையாகி, அடி கறுத்தால் கோடை மழை நிச்சயம். நகரத்தில் இருப்பவர்கள், ‘அப்பாடா, சூடு தணிஞ்சது’ என்று மொட்டை மாடிக்குப் போவார்கள். அதே நேரத்தில் ஏழாவது மலையின் புல்வெளியில் நிற்பவர்தான், சுற்று வட்டாரத்தில் மின்னலுக்கு ஆக உயரமான பொருள்.

சித்ரா பௌர்ணமி ஏப்ரல் பாதிக்கும் மே பாதிக்கும் இடையில் வரும். கூட்டமும் கோடை இடியும் உச்சத்தில் சந்திக்கிற நாள்கள் அவை. நிலா வெளிச்சத்தை நம்பி டார்ச் இல்லாமல் போகிறவர்கள் உண்டு. ஒரு மேகம் மூடினால் பாதை காணாமல் போய்விடும். மழையில் நனைந்த பாறையில் மூங்கில் தடியும் வழுக்கும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். சத்தம் ஒரு கி.மீ வர சுமார் 3 விநாடி. 30 விநாடிக்குள் இடி கேட்டால், மின்னல் 10 கி.மீ-க்குள் இருக்கிறது. உடனே முகட்டை விட்டுக் கீழே இறங்க வேண்டிய நேரம் அது. தனியாக நிற்கும் மரத்தடியில் ஒதுங்கவோ, கூட்டமாக ஒட்டி நிற்கவோ கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை மறுபடி மேலே போக வேண்டாம். புனேயில் உள்ள இந்திய வெப்ப மண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி, அக்கம்பக்கத்தில் மின்னல் இருக்கிறதா என்று காட்டும். மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் இருக்காது என்பதால், கிளம்பும் முன் அடிவாரத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

போன் காட்டுவது கோவையின் வானிலை

போனில் ‘கோயம்புத்தூர் வெதர்’ என்று தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகரம் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது. ஆண்டு முழுக்கச் சேர்த்தாலே அங்கே 60, 70 செ.மீ மழைதான். இதே மாவட்டத்தில் வால்பாறை பக்கம் இருக்கிற சின்னக்கல்லாறுக்குத் தென்னிந்தியாவின் சிரபுஞ்சி என்றே பெயர். ஒரே மாவட்டத்துக்குள் இவ்வளவு வித்தியாசம். ஆக, போனில் தெரியும் சூரியப் படம் காந்திபுரத்துக்குச் சரி, ஆண்டி சுனைக்குச் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையில், ‘மலைப் பகுதிகளில்’ என்று ஒரு வார்த்தை வந்தால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையமும் விவசாயிகளுக்காக முன்னறிவிப்பு தருகிறது. அது மலையேறுபவர்களுக்கும் உதவும்.

காய்ந்த புல், ஒரு பீடி

கொங்கு மண்டலத்துக்காரர்களுக்குக் குரங்கணி என்ற பெயர் மறக்காது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கிய குழுவில், சென்னையிலிருந்து வந்தவர்களோடு ஈரோடு, திருப்பூரிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். 23 உயிர்கள் போயின. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கியது. அடுத்த பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, தீ அபாயம் காரணமாக அந்தப் பாதைகளை மூடினார்கள்.

அதே மாதங்களில்தான் வெள்ளியங்கிரியில் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். நூற்றாண்டுப் பழக்கத்தை காலண்டர் பார்த்து மாற்ற முடியாது என்பது புரிகிறது. ஆனால், மற்ற மலைகளில் ஆபத்தானதாக இருக்கும் காய்ந்த புல், இங்கே மட்டும் பத்தாமல் இருந்துவிடுமா? 2023 ஏப்ரலில் இதே ஆலாந்துறைப் பக்கம், நாதேகவுண்டன்புதூர் மலையில் பற்றிய தீயை அணைக்க, சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்து மலம்புழா அணைத் தண்ணீரை மொண்டு ஊற்ற வேண்டியிருந்தது.

தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால், அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கீழே புகை தெரிந்தால் மேலே ஓடித் தப்பிக்கலாம் என்று நினைப்பது இயல்பு. அதுதான் தவறு. பக்கவாட்டில் விலகி, பாறைப் பரப்புக்கோ, ஏற்கெனவே எரிந்து கறுத்த நிலத்துக்கோ போக வேண்டும். பீடி, சிகரெட்டை அடிவாரத்திலேயே விட்டுவிடுங்கள். கற்பூரம் கோயிலில் மட்டும் போதும், வழியில் பார்க்கிற கல்லுக்கெல்லாம் ஏற்ற வேண்டாம். பாதையை விட்டு விலகிக் குறுக்கு வழி தேடுவதும் வேண்டாம். இது போளுவாம்பட்டி வனச்சரகம், யானைகள் தண்ணீர் தேடி நடமாடுகிற காடு.

மே கடைசியில் கிளம்புகிறீர்களா?

கூட்டம் குறையட்டும் என்று மே கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. இங்கேதான் பருவமழைக் கணக்கு குறுக்கே வரும். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. ஆனால், 2025-ல் மே 24-ம் தேதியே தொடங்கிவிட்டது. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்தது அதுதான் முதல் முறை. கோவை, நீலகிரி மாவட்டங்களுக்கு மே 25, 26 தேதிகளில் சிவப்பு எச்சரிக்கை கொடுக்கப்பட்டு, சீசன் முடியும் முன்பே மலையேற்றம் நிறுத்தப்பட்டது.

சிவப்பு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ-க்கு மேல் கொட்டலாம் என்று அர்த்தம். கோவை நகரத்தின் வருட மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஒரே நாளில். ராத்திரி ஏறும்போது காலால் தாண்டிய ஓடை, காலையில் இறங்கும்போது இடுப்பளவு ஓடும். ஆக, மே 20-க்கு மேல் திட்டம் போட்டால், டிக்கெட்டை ரத்து செய்ய முடிகிற மாதிரி எடுப்பதே புத்திசாலித்தனம். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்துவிட்டு, ‘இவ்வளவு தூரம் வந்தோம், திரும்பிப் போறதா?’ என்று அடிவாரத்தில் வாக்குவாதம் செய்பவர்களை விட, பேரூரில் பட்டீசுவரரைக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் அடுத்த மாசியில் மறுபடி வருவார்கள்.

ஜூன் பிறந்தால் மலைப்பாதை மூடப்பட்டுவிடும். உச்சி வாரக்கணக்கில் மேகத்துக்குள் மறைந்திருக்கும். அங்கே பெய்கிற மழைதான் ஓடைகளாக இறங்கி நொய்யலாகிறது. சித்திரைச்சாவடி அணைக்கட்டைப் புதுத் தண்ணீர் தாண்டிவிட்டது என்று தெரிந்ததும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைப் பார்க்கப் போகிற கூட்டம் தனி.